அவள் பூட்டிவிட்டுப் போன குழு

களுவாஞ்சிக்குடியில் என் கடைக்குள் ஆண்கள் வருவதில்லை. வரக்கூடாது என்று நான் எங்கும் எழுதி ஒட்டவில்லை. உள்ளுடுப்பு, நைட்டி, பாவாடைத் துணி, பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்களுக்கான சாமான் என்று தொங்குவதைப் பார்த்து அவர்களாகவே விளங்கிக்கொள்கிறார்கள். மனைவியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெயிலில் நின்று, தெருவில் போகிற மாட்டைக்கூட அக்கறையாகப் பார்ப்பார்கள். யாராவது புது மாப்பிள்ளை விளங்காமல் உள்ளே காலை வைத்துவிட்டால் கடைக்குள் பேச்சு சட்டென்று நின்றுவிடும். மனுசன் கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டவர்போல மெல்லப் பின்வாங்கிப் போவார். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் "பரவாயில்லை, வாங்க" என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. அவர் உள்ளே நின்றால் ஒருத்தி அளவு கேட்க மாட்டாள், இன்னொருத்தி தன் நோவைச் சொல்ல மாட்டாள். வாங்க வந்ததை வாங்காமலே போய்விடுவார்கள்.

கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்தபோது வாட்சப்பில் ஒரு குழு தொடங்கினேன். நைட்டிப் படம் போட்டு வியாபாரம் பார்ப்பதுதான் எண்ணம். ஆரையம்பதியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் என்னிடம் வழக்கமாக வருகிறவர்கள், காத்தான்குடியிலிருந்து துணி எடுக்க வருகிற ஓரிருவர், அவ்வளவுதான். கடைக்குள் நெருக்கி நின்றால் எத்தனை பேர் நிற்கலாமோ அத்தனை பேர். கொஞ்ச நாளில் நைட்டிப் படம் ஒரு மூலைக்குப் போய்விட்டது, கதைதான் மிஞ்சியது. எல்லாம் குரல் பதிவு. எங்கள் பெண்களுக்கு எழுதத்தான் சோம்பல், பஞ்சி; கதைக்கப் பஞ்சியில்லை. என்ன கதைத்தோம் என்பதை இங்கே எழுத மாட்டேன். இதை வாசிக்கிறவர்களில் ஆண்களும் இருப்பீர்கள், கோபிக்க வேண்டாம்.

வெளியிலிருந்து நுழைகிற ஆணைத் துரத்துவது லேசான வேலை. ரோசாப்பூப் படம் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணின் பெயரில் ஒருவன் வந்தான். "எந்த ஊர், ஆருடைய மகள், குரலில் சொல்லு" என்று கேட்டதும் ஆளும் இல்லை, பூவும் இல்லை. கஷ்டம் வீட்டுக்குள் இருந்துதான் வந்தது. எங்கள் வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான் இருக்கும். காலையில் அது மனைவியின் கையில், பிறகு பிள்ளையின் வகுப்புக்கு, அதற்குப் பிறகு கணவரோடு வயல் வட்டைக்கு. எல்லாரும் நல்ல மனுசன்மார்தான். திருடிக் கேட்க வேண்டுமென்று யாருக்கும் எண்ணமில்லை. ஆனால் போன் ஒன்று, காதுகள் பல.

ஒருமுறை ஒருத்தி தன் மாதக் கோளாறை விளக்கமாகச் சொல்லி ஒரு நீண்ட பதிவு போட்டாள். அது போய்ச் சேர்ந்த நேரம் இன்னொருத்தியின் போன், அவள் கணவரோடு நெல் வெட்டு நடக்கிற வயலில் நின்றது. மனைவி தனக்கு ஏதோ அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்து மனுசன் அதைச் சத்தமாகப் போட்டுவிட்டார். வெட்டுக்கு வந்த ஆட்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் போனை வாய்க்காலுக்குள் எறியாத குறை என்று பிறகு கேள்விப்பட்டோம். பதிவு போட்டவள் ஒரு கிழமை வீட்டை விட்டு வெளியே வரவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் எல்லாரையும் திட்டினேன்.

அப்போதுதான் செட்டிபாளையத்துக்காரி ஒரு யோசனை சொன்னாள். குழுவில் அவள்தான் எனக்கு மிக நெருக்கம். அவள் கணவர் வாவியில் இறாலுக்கு வலை போடுகிறவர். அவளுக்கு வாயும் பெரிது, மனதும் பெரிது. போன் தன் கையை விட்டுப் போகும்போது ஒவ்வொருத்தியும் ஒரு பூட்டுப் படம் போட வேண்டும், திரும்பக் கைக்கு வந்ததும் ஒரு திறப்புப் படம், சாவிப் படம், போட வேண்டும். யாருடைய பூட்டாவது கிடக்கும்வரை கறி, சீலை, மழை என்று கதைக்கலாம், மற்றதெல்லாம் பொறுத்திருக்க வேண்டும். முதலில் எல்லாரும் சிரித்தோம். பிறகு அதுவே பழகிவிட்டது. மத்தியானம் சமையல் முடிந்து ஒவ்வொரு திறப்பாக வந்து விழும். கடைசித் திறப்பு விழுந்ததும் குழு கலகலவென்று தொடங்கிவிடும். யாராவது திறப்புப் போட மறந்தால் போச்சு, ஏச்சு மழைதான்.

போன வருடம் அவளுக்கு வயிற்றில் வருத்தம் வந்தது. எங்களிடம்தான் முதலில் சொன்னாள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். கொஞ்ச நாள் படுக்கையில் இருந்தே குரல் அனுப்பினாள். பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையைப் பதிவு செய்து அனுப்பி எங்களைச் சிரிக்க வைத்தாள். பிறகு ஒரு பின்னேரம் பூட்டுப் படம் போட்டாள். சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகிறார்கள், போனைக் கணவரிடம் கொடுத்திருப்பாள் என்று விளங்கிக்கொண்டோம்.

அதற்குத் திறப்பு வரவில்லை.

செத்த வீட்டுக்கு எல்லாரும் போனோம். காத்தான்குடிக்காரி அபாயாவோடு வந்து, முற்றத்தில் எங்களோடு நின்று விம்மி விம்மி அழுதாள். முப்பத்தோராம் நாளும் முடிந்தது. ஆனால் குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. முதலில் துக்கம் என்று நினைத்தேன். துக்கம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. அவளுடைய பூட்டு அங்கே அப்படியே கிடந்தது. அதை மீறிக் கதைக்க ஒருத்திக்கும் மனம் வரவில்லை. அதோடு, செத்த வீட்டு அறிவித்தல் என்று நான் போட்ட ஒன்றிரண்டும் அவளுடைய இலக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அந்தப் போன் எங்கோ உயிரோடு இருந்தது. யார் கையில் என்று சொல்லத் தேவையில்லை.

காத்தான்குடிக்காரி எனக்குத் தனியாகக் குரல் அனுப்பினாள்.

"அக்கா, அவரு கேக்கிறாரு எண்டு நான் சொல்லல்ல. நல்ல மனுசன், எனக்குத் தெரியும். ஆனா அந்தப் போன் அங்க இரிக்கு எண்டு நெனச்சா எனக்கு வாய் வருதில்ல."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேறொரு புதுக் குழு தொடங்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போனவளை முன்வாசலில் தனியே நிற்க வைத்துவிட்டு, நாங்கள் பின்வாசலால் போய் இருந்து சிரிப்பதா என்று கேட்டேன். அப்படியென்றால் அவளுடைய இலக்கத்தை நீக்கிவிடு என்றார்கள். நான்தான் நிர்வாகி, என்னால்தான் முடியும். எடுத்துப் பார்த்தேன். அவள் பெயரைச் சொல்லி, இவரை நீக்கவா என்று போன் கேட்டது. ஆம் என்று அமத்த என் விரல் போகவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு, ஒரு தேவையுமில்லாமல் பாவாடைகளையெல்லாம் இறக்கித் திரும்ப மடித்தேன்.

இப்படியே போய்க்கொண்டிருக்க, ஆரையம்பதிப் பிள்ளை ஒருத்தி கடைக்கு வந்தாள். கலியாணம் முடித்துக் கொஞ்ச நாள்தான். ஒன்றும் வாங்காமல் சுற்றிச் சுற்றி நின்று, கடையில் ஆட்கள் குறைந்ததும் காதுக்குள் ஒன்றைச் சொன்னாள். மார்பில் ஏதோ தட்டுப்படுகிறதாம். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"குறூப்புல கேப்பம் எண்டு பாத்தன் அக்கா. ஆரும் கதைக்காத நேரம், நான் எப்பிடி முதல்ல கதைக்கிற?"

அன்றைக்கே கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு ஓட்டோ பிடித்துச் செட்டிபாளையத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அந்த மனுசனுக்கு என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். பொம்பிளைகளின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வெட்கமில்லையா என்பதுதான் அதில் மரியாதையான வரி.

வாவிப் பக்கம் பார்த்த வீடு. அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. மகள் கலியாணம் முடித்து அதே வளவில் அடுத்த வீட்டில் இருக்கிறாள். அவர் முற்றத்தில் வலையில் ஒட்டியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதிரை எடுத்துப் போட்டார். மகள் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் நன்றாக மெலிந்திருந்தார். அதைக் கண்டதும் ஒத்திகையில் பாதி மறந்துபோனது. மிச்சப் பாதியைச் சொன்னேன்.

"தம்பி, எனக்குச் சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியா. அவட போன் வேலை செய்யுது. எங்கட குறூப்பு அதுக்குள்ள இரிக்கு. நீங்க அதக் கேக்கிறீங்களா?"

அவர் கோபிக்கவில்லை. கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். சார்ஜ் நிறைந்திருந்தது.

"இல்லக்கா. ஆஸ்பத்திரில வெச்சு என்ட கையில தந்தா. சார்ஜ் போட்டு வைங்க, உள்ளுக்குப் போகாதீங்க எண்டா. சார்ஜ் போடுறன். உள்ளுக்குப் போகல்ல."

"அப்ப என்னத்துக்கு வெச்சிரிக்கீங்க? நிப்பாட்டி அலுமாரிக்குள்ள வெச்சா என்ன?"

கேட்ட பிறகுதான் என் குரல் கூடிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அவர் வலையில் மிஞ்சிய ஒரு பாசித் துண்டைப் பிய்த்துப் போட்டார்.

"அவட குரல் அதுக்குள்ளதான் இரிக்கக்கா. வேற எங்கயும் இல்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே சொன்னார். அவரிடம் இருப்பது பழைய பட்டன் போன். அதில் அவள் அவரிடம் கதைத்தாள், வைத்தாள், அவ்வளவுதான். குரல் அனுப்ப வேண்டிய தேவை இருவருக்கும் ஒருநாளும் வரவில்லை. மகளும் அதே வளவில். வேலியடியில் நின்று கூப்பிட்டால் கேட்கும். மகளின் கலியாண வீடியோவில் அவள் வருகிறாள்.

"ஆள் இரிக்கா. வாய் அசையுது. மேல சினிமாப் பாட்டப் போட்டு வெச்சிரிக்காங்க."

எங்கள் ஊர்களில் எத்தனை பேரின் கணவர்மார் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய போன்களில் மனைவியின் குரல் நிறைந்து வழியும். சோறு தின்றீங்களா என்பதுகூடப் பதிவாகக் கிடக்கும். இந்த மனுசன் அவளை விட்டு ஒருநாளும் தூரம் போகாதவர், அதனால் இவரிடம் ஒரு சொல்கூட மிச்சமில்லை. திட்ட வந்த வாயால், ஆறிப்போன பிளேன்ரீயை எடுத்துக் குடித்தேன்.

"நீங்க குறூப்பால எடுத்திட்டா அவட குரலும் போயிருமா?" என்று கேட்டார்.

அதைக் கேட்கத்தான் இவ்வளவு நாளும் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். போய்விடும் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் எங்கள் பாடு லேசாக முடிந்திருக்கும். எனக்கு வரவில்லை.

"இல்ல தம்பி. பழசெல்லாம் இந்தப் போன்லயே கிடக்கும். நீங்க கேக்க நெனச்சா கேக்கலாம். ஆரும் வந்து தடுக்க ஏலா."

அவர் போனைத் தொடவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் அவரைப் பற்றி ஒருமுறை எங்களிடம் சொன்ன ஒரு விசயம் ஞாபகம் வந்தது. நல்ல விசயம். கேட்ட அன்றைக்கு நாங்கள் எல்லாரும் எங்கள் கணவர்மாரை ஒருமாதிரிப் பார்த்தோம், அவ்வளவு நல்ல விசயம். வெளியில் சொல்லிவிட வேண்டாம் என்று சிரித்துக்கொண்டு முடித்திருந்தாள். அதைத் தேடி எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் போதும். ஒரு புருசனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது.

"உங்களப் பத்தி அவ ஒண்டு சொல்லியிரிக்கா. நல்லதுதான். அது ஒண்ட மட்டும் போட்டுக் காட்டட்டா?"

அவர் முகம் மாறியது. அந்த ஆசையை நான் கண்ணால் பார்த்தேன்.

"அது எனக்குச் சொன்னதா அக்கா, உங்களுக்குச் சொன்னதா?"

"எங்களுக்கு."

"அப்ப உங்களுக்கிட்டயே இரிக்கட்டும்."

பிறகு அவர் கேட்டதுதான் நான் எதிர்பாராதது. எல்லாவற்றையும் அழிக்க முடியுமா என்று கேட்டார். தான் கேட்க மாட்டேன், ஆனால் நாளைக்குப் போன் பழுதாகித் திருத்தக் கொடுத்தால் யார் யாரோ கேட்பார்கள், உங்கள் எல்லாருடைய கதையும் அல்லவா அதற்குள் இருக்கிறது என்றார். அவளுடைய குரலும் சேர்ந்து போய்விடும் என்று நான் சொன்னேன். உறுதியாகத் தெரியட்டும் என்று இரண்டாம் தரமும் சொன்னேன். "தெரியும்" என்றார்.

முதலில் குழுவிலிருந்து விலக வேண்டும் என்றேன், அந்த இடம்வரைக்கும் என்னையே கொண்டுபோகச் சொன்னார். நான் போனைத் திறந்து தேடிக்கொண்டிருந்தபோது அவர் வாவிப் பக்கம் திரும்பி நின்றார். இடம் வந்ததும் கூப்பிட்டேன். வலை இழுத்துக் காய்த்துப்போன விரல், திரை முதலில் அதை ஏற்கவில்லை. சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடி அமத்தினார். எங்களோடு தனியாகக் கதைத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் அழித்தது நான். அழிக்கவா என்று போன் கேட்டது, ஆம் என்றேன். கடையில் மடங்கிக்கொண்ட விரல் இங்கே எப்படிப் போனது என்று எனக்கு இப்போதும் தெரியாது.

இப்போதெல்லாம் ஒருவர் குழுவை விட்டுப் போனால் எல்லாருக்கும் அறிவிப்பு வராது, நிர்வாகிக்கு மட்டும்தான் வரும். ஓட்டோவில் திரும்பி வரும்போது என் போனை எடுத்துப் பார்த்தேன். அவள் விலகிவிட்டாள் என்று எனக்கு மட்டும் எழுதியிருந்தது. ஓட்டோக்காரப் பிள்ளை கண்ணாடியால் பார்க்கிறான் என்று தெரிந்தும் நான் அழுதேன்.

அன்று பொழுதுபட நடந்ததைக் குழுவில் சொன்னேன். அந்த மனுசன் செய்ததைச் சொன்னேனே தவிர, அவர் முகத்தை என்னால் சொல்ல முடியவில்லை. காத்தான்குடிக்காரிதான் முதலில் பேசினாள். அல்லாஹ் அவருக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும் என்றாள். அடுத்த நாள் மத்தியானம் திறப்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆரையம்பதிப் பிள்ளை கேட்டாள். மூத்தவர்கள் ஏசினார்கள், தைரியம் சொன்னார்கள், இரண்டு பேர் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. குழு பழையபடி வாயாடத் தொடங்கியது.

எனக்குத்தான் நிம்மதியில்லை. எங்களுக்கு எங்கள் இடம் கிடைத்துவிட்டது, அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் போனில் அவள் குரல் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் குழுவில் சொன்னதில் ஒரு துண்டைக்கூட எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமையில்லை, அதை அவரே எனக்குச் சொல்லித் தந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு நேர்மையாக இருந்து எங்களை ஏன் இப்படிக் கடன்காரியாக்க வேண்டும்?

பிறகு ஒருநாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், அவள் எனக்குத் தனியாக அனுப்பியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். குழுவுக்கு இல்லை, எனக்கு மட்டும் அனுப்பியவை. இவற்றைக் கொடுப்பதா இல்லையா என்பது என்னுடைய பொறுப்பு. ஒவ்வொன்றாகக் கேட்டேன். அளவு கேட்டது, துணி சாயம் போனதென்று சண்டை பிடித்தது, சொல்லக்கூடாத ஒரு விசயத்தைச் சொல்லி ஊரைப் பார்த்துச் சிரித்தது. ஒன்றும் சரிவரவில்லை. வெகு பின்னால் போன பிறகு சின்னதாக ஒன்று அகப்பட்டது. அதைக் கேட்டுவிட்டு, செட்டிபாளையத்திலிருந்து வருகிற ஒருத்தியிடம் அவரை ஒருதரம் கடைக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

இறால் விற்றுவிட்டு, கையில் வெறும் பையோடு வந்தார். கடைக்குள் பெண்கள் நின்றார்கள். அவர் படியில் ஏறாமல் கீழே நின்றார். வாங்க என்று நானும் சொல்லவில்லை. இறங்கி அவரிடம் போனேன்.

"தம்பி, இது குறூப்புல சொன்னதில்ல. எனக்குத் தனிய அனுப்பினது. இதில மறைக்க ஒண்டுமில்ல. நான் தாறன், கேளுங்க."

போனைக் கொடுத்தேன். கல்முனை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனதால் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. திரும்ப அமத்திக் காதோடு வைத்துவிட்டேன். எனக்கும் கேட்டது.

"அக்கா, கடையப் பூட்டிராதீங்க. நான் பஸ்ஸால இறங்கிட்டன். இந்தா றோட்டக் கடக்கிறன். நில்லுங்க, வாறன்."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பி, றோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸால் ஆட்கள் இறங்குகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அங்கேதான் பார்த்தேன்.